சின்சியர் செம்மல்

கடலுக்கு ஒரு பேருந்து நிறுத்தம் முன்னால் இறங்கிக்கொள்கிறவர்களுக்கு மட்டுமே தென்படும் தாழையூரில், மனிதர்கள் ஒருவரையொருவர் மேடை போட்டுப் பாராட்டிக்கொண்டும், பாராட்டியவரை மறுவாரம் வேறொரு மேடையில் ஏற்றிப் பாராட்டிக்கொண்டும், இரண்டு மேடைகளுக்கும் இடைப்பட்ட நாட்களில் மீன் விற்றும் உப்பு அள்ளியும் வாழ்ந்துவந்த ஒரு காலத்தில், வெயில் தாழ்ந்த ஒரு மாலைப்பொழுதில், பேராசிரியர் ஞானசிகாமணியின் முகவாயிலிருந்து மெழுகு ஒழுகத் தொடங்கியது. அதற்கு முன்னால் அந்த ஊரில் அதிசயம் என்று சொல்ல எதுவும் நிகழ்ந்ததில்லை. பேருந்து ஒருமுறை குறித்த நேரத்துக்கு வந்ததாகச் சொல்வார்கள். ஆனால் அதை நேரில் கண்டவர் எவரும் இல்லை.

ஞானசிகாமணி, தாழையூர்க் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். கற்பிப்பதிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர அறிவுரை சொல்வதிலிருந்து ஓய்வு பெறவில்லை. எதைப் பார்த்தாலும் அதற்குள் ஒரு நீதி அவருக்குத் தென்பட்டுவிடும். டீ வடிகட்டியைப் பார்த்தால் மனத்தையும் இப்படி வடிகட்ட வேண்டாமா என்பார். பஞ்சரான சைக்கிளைப் பார்த்தால் அகந்தை என்னும் காற்று இறங்கிய பிறகே மனிதன் தரையின் அருமையை அறிகிறான் என்பார். சைக்கிளின் சொந்தக்காரரோ பஞ்சர் கடை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு நிற்பார். பேராசிரியரின் மனைவி அமலோற்பவம் முருங்கைக்காய் சமைக்கும் நாட்களில் சக்கையையும் சாற்றையும் பற்றி ஓர் உரை நிகழும். அது முடிவதற்குள் அமலோற்பவம் சாப்பிட்டுக் கைகழுவி மறு வேலைக்குப் போயிருப்பார். நல்லுபதேசத்தில் நம்பிக்கை உள்ளோர் இதைப் படித்து வருந்த வேண்டாம். உபதேசம் நல்லதுதான். கேட்பவர் எழுந்து போவதற்கு முன்னால் அது முடிந்துவிட வேண்டும் என்பது மட்டுமே இங்கே சொல்லப்படுகிறது.

அவருடைய உரைகளுள் தலையாயது ஓர் ஆங்கிலப் பெயரடையைப் பற்றியது. சின்சியர் என்பது அந்தச் சொல். தாழையூரில் ஆங்கிலம் அறியாதவர்களும் அறிந்த ஆங்கிலம் அது. விடிகாலையில் எழுந்து படிக்கும் பிள்ளை சின்சியரான பிள்ளை; சீக்கிரமே மாற்றலாகிப் போகப்போகிற அதிகாரி சின்சியரான அதிகாரி; ஒரே பெண்ணுக்காக ஒரே பேருந்து நிறுத்தத்தில் நெடுங்காலம் நிற்பவன் சின்சியராகக் காதலிப்பவன்; வேலை தெரியாவிட்டாலும் நேரத்துக்கு வந்து நாற்காலியில் அமர்கிறவர், அவரைப் பற்றி வேறெதுவும் சொல்லத் தோன்றாத நிலையில், சின்சியரானவர். இங்கிலீஷில் கடிதம் எழுதக் கற்ற தலைமுறை, வராத காய்ச்சலையும் சாகாத பெரியப்பாவையும் விடுப்பு விண்ணப்பத்தில் எழுதிவிட்டு, அதன் அடியில் 'யுவர்ஸ் சின்சியர்லி' என்று கூசாமல் கையெழுத்திட்டது.

அந்தச் சொல்லின் பிறப்பைப் பேராசிரியர் மேடைதோறும் இப்படிச் சொல்வார்: "அன்புப் பெரியோர்களே! முன்னொரு காலத்தில் ரோமாபுரியிலே சிற்பிகள் இருந்தார்கள். சலவைக்கல்லிலே விரிசல் கண்டால், கள்ளச் சிற்பி அந்த விரிசலிலே மெழுகை நிரப்பி, மெருகேற்றி, விற்றுவிடுவான். வாங்கியவர் முற்றத்திலே வெயில் ஏறும், மெழுகு உருகும், சிலையின் மூக்கு கழன்று விழும்! ஆகவே நேர்மையான சிற்பிகள் தங்கள் கடைவாசலிலே 'மெழுகு இல்லை' என்று எழுதி வைத்தார்கள். 'சினே செரா' என்ற அந்த இலத்தீன் தொடரே சின்சியர் ஆயிற்று. ஆகவே, அன்பர்களே, மெழுகு இல்லாத மனிதர்களாக வாழுங்கள்!"

மூக்கு கழன்று விழும் இடத்தில் அவர் தம் மூக்கைப் பிடித்துக்கொள்வார், கூட்டம் கைதட்டும். ஆனால் அந்தக் கதை மெய்யல்ல. மெய்யல்ல என்பது பேராசிரியருக்கு இளம் விரிவுரையாளராக இருந்தபோதே தெரியும். கெட்டி அட்டை போட்ட அகராதி ஒன்று, மெழுகுக் கதைக்கு ஆதாரம் இல்லை என்றும், தூய்மையானது, கலப்பில்லாதது என்று பொருள்படும் ஓர் இலத்தீன் சொல்லே அதன் மூலம் என்றும், ஆங்கிலத்திலும் முதலில் கலப்படமற்ற பொருளைக் குறித்துப் பிறகே மனிதரின் நெஞ்சைக் குறிக்க வந்தது என்றும் அவருக்குச் சொல்லியிருந்தது. அந்த உண்மையில் சிற்பி இல்லை, வெயில் இல்லை, கழன்று விழ ஒரு மூக்கும் இல்லை; ஆகவே அதில் கைதட்டலுக்கும் இடம் இல்லை. அவர் அகராதியை மூடி வைத்தார். கலப்படமற்றது என்று பொருள்படும் சொல்லுக்குக் கலப்படமான ஒரு பிறப்பைச் சொல்லி, கேட்போர் நேர்மையாளர் ஆவதற்காகத்தானே என்று தம்மைத் தேற்றிக்கொண்டார். ஊரைத் திருத்த வந்தவர்கள் எல்லாரும் இப்படி ஏதோ ஒன்றை மூடி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

அந்த மாலையில் வணிகர் சங்கத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பந்தல்காரர் பால்துரைக்குப் பாராட்டு விழா. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் பந்தலும் நாற்காலியும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடுகிறவர் என்பதால், தம் பாராட்டு விழாவின் மேடையைப் பால்துரையே போட்டிருந்தார். ஞானசிகாமணி ரோமாபுரியில் தொடங்கி, மூக்கைக் கழற்றி, மெழுகை உருக்கி, "பால்துரையைப் போன்ற சின்சியரான மனிதரை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை" என்று முடித்தபோது, முகவாயின் நுனியில் இளஞ்சூடாக ஏதோ திரண்டு, பொன்னாடையின் மேல் சொட்டி, வெள்ளையாக உறைந்தது.

முன்வரிசையில் இருந்த மீன் ஏலக்காரர் ஒருவர் எழுந்தார். "சார், நாடியில என்னமோ வடியுது."

"வேர்வையா இருக்கும்லே, உக்காரு," என்றார் பின்னால் இருந்தவர்.

"வேர்வை எங்கயாவது உறையுமா? மெழுகுல்லா அது!"

பேராசிரியர் துடைத்தார், துடைத்துக்கொண்டே, "இது ஒன்றும் இல்லை, என் உள்ளத்தின் நெகிழ்ச்சி" என்றார், இரண்டாவது சொட்டு முதலாவதைவிடப் பெரிதாக விழுந்தது. ஏற்புரை வழங்க எழுந்த பால்துரை, "இந்தப் பதவிக்கு நான் கொஞ்சமும் ஆசப்பட்டவன் இல்ல" என்று தொடங்கினார். அவர் முகவாயிலிருந்து மெழுகு நூல் போல இறங்கிச் சட்டைப் பையை நிரப்பியது. அடுத்து வாழ்த்தியவர்கள் எல்லாருக்கும் ஒழுகிற்று. மேடையில் எவருக்கும் ஒழுகாத ஒரே தருணம், ஒலிபெருக்கிப் பையன் குறுக்கே வந்து "மைக்கை வாயோட ஒட்டாதீங்க" என்று சொன்ன தருணம்.

மறுநாளிலிருந்து அது ஊர் முழுவதற்கும் பொதுவாயிற்று. எதற்காக என்று தாழையூரில் யாரும் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பேராசிரியர்தான் மெழுகு மெழுகு என்று அத்தனை மேடையில் சொல்லியிருக்கிறாரே, சொன்னது வந்து சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். அதைவிட அவசரமான கேள்வி, கறையை எப்படிப் போக்குவது என்பது. பழைய செய்தித்தாளை மேலே வைத்து இஸ்திரி போட்டால் மெழுகு தாளுக்குப் போய்விடும் என்று சலவைக்காரர் கண்டுபிடித்தார். பெண் பார்க்கும் வீடுகளில் மாப்பிள்ளை வீட்டார் "பஜ்ஜி அருமை" என்று சொல்லுமுன் கைக்குட்டையை எடுத்து முகவாயின் கீழ் பிடித்துக்கொள்ளப் பழகினார்கள். இரங்கல் கூட்டங்களில் "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்ற இடம் வரும்போது விரிப்பை மடித்து ஓரமாக வைத்தார்கள். பிள்ளை வரைந்து கொண்டுவந்த யானையைப் பார்த்து "எவ்வளவு அழகா இருக்கு!" என்று சொன்ன தாய்க்கும் ஒரு சொட்டு விழுந்தது, காய்ச்சலில் கிடந்தவரிடம் "ஒண்ணுமில்ல, எந்திரிச்சிடுவீங்க" என்று சொன்ன மருத்துவருக்கும் விழுந்தது. புறம்பேசியவன் மெழுகும் தாயின் மெழுகும் ஒரே வெள்ளையாக, ஒரே சூட்டில் இருந்ததைப் பார்த்து ஞானசிகாமணி கலங்கினார். அதிலிருந்து ஒரு நீதியைப் பிரித்தெடுக்க மூன்று விதமாக முயன்று, மூன்று முறையும் சட்டையை மாற்ற வேண்டியதாயிற்று.

இப்படி ஒழுகினால் முகத்துதி அற்றுப்போகும், ஊர் சுருக்கமாகவும் மெய்யாகவும் பேசத் தொடங்கும் என்று அவர் உள்ளூர எதிர்பார்த்தார். நீதிமான்கள் எதிர்பார்ப்பது அப்படித்தான். நடந்ததோ, பால்துரை வாடகைச் சாமான்களோடு 'மெழுகுத் தட்டு' என்று ஒன்றைச் சேர்த்தார். கம்பியில் மாட்டி முகவாய்க்குக் கீழே தொங்கவிடும் அலுமினியத் தட்டு. தட்டு வந்ததும் யாருடைய தட்டு நிறைகிறது என்று பார்க்கும் வழக்கம் வந்தது. கட்சிக்காரர் ஒருவர் தம் தலைவரை வாழ்த்தி இறங்கியபோது தட்டில் கொஞ்சமே இருக்கக் கண்டு, "என்ன தம்பி, மனசுல குறையா?" என்று தலைவர் கேட்டுவிட்டார். அதன் பின்னர் மெழுகு மரியாதை ஆகிவிட்டது. ஒழுகாமல் வாழ்த்தினால் வாழ்த்தே அல்ல, சம்பந்திகள் ஒருவரையொருவர் ஒழுக ஒழுக வரவேற்றார்கள், வறண்ட முகவாயோடு உண்மையைச் சொன்னவரைப் பார்த்து, "ரெண்டு சொட்டு விட்டாத்தான் என்ன, கொறஞ்சா போயிருவாரு?" என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த மெழுகையெல்லாம் சேர்த்தவர் அமலோற்பவம். முதலில் வீட்டுத் தரையிலிருந்து கணவருடையதைச் சுரண்டினார். பிறகு சுய உதவிக் குழுப் பெண்களை அழைத்துக்கொண்டு மேடைகளின் அடியிலும் மண்டபங்களின் மூலைகளிலும் சுரண்டினார். பின்கட்டில் பெரிய அண்டாவில் உருக்கி, நீளவாக்கில் பிளந்த பிவிசி குழாய்த் துண்டுகளை அச்சாகச் சேர்த்துக் கட்டி, நடுவே திரி ஓட்டி, ஊற்றி ஆறவைத்தார். மாதா கோயிலுக்கும், கரண்ட் போகும் தெருக்களுக்கும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் அந்த மெழுகுதிரிகள் போயின. பொய்யில் செய்த திரி புகையும், அணையும், வெளிச்சம் தராது என்று பேராசிரியர் ஓர் உரைக்குக் குறிப்புகூட எடுத்து வைத்தார். அது நின்று எரிந்தது. நல்ல வெளிச்சம் தந்தது. அதன் கீழே படித்த பிள்ளைகள் தேறினார்கள். உரை கைவிடப்பட்டது.

கணவர் ஊர் ஊராகப் பேசப் போன ஆண்டுகளில் எல்லாம் அவருடைய வேட்டிக்குக் கஞ்சி போட்டுக்கொடுத்த அமலோற்பவத்துக்கு, தமக்கென்று ஒரு வேலையும், அந்த வேலைக்குள் சிரிப்பும் கூச்சலும் முதன்முதலாக வந்திருந்தன. அப்படி ஒரு காலை, அச்சுகளைப் பிரித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் பேராசிரியர் வந்து நின்றார்.

"ஏங்க, உங்க மெழுகுதான் நல்ல கெட்டி. சனங்க பேர் சொல்லிக் கேக்காங்க, சாரோட மெழுகு இருக்கான்னு."

"அதைப் பெருமையாகச் சொல்லாதே, அமலா."

"பெருமதான். வேற யாருக்கு இவ்வளவு வரும்?" என்று சிரித்தவர், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். சிரிப்பு மெல்ல அடங்கிற்று. "ஏங்க, மேடையில சொல்லுவீங்கல்லா, 'என் வாழ்வின் சின்சியரான துணை, என் உயிரினும் இனியவள்'னு. நானும் முன்வரிசையில இருந்து எத்தனையோ தடவ கேட்டுருக்கேன். மெழுகு வந்த பெறவு நீங்க அத ஒரு தடவகூட சொல்லல. இங்க யாரும் இல்ல. இப்ப சொல்லுங்க பாப்போம்."

பேராசிரியர் சுற்றுமுற்றும் பார்த்தார். "தட்டு வேண்டாமா?" என்றார், வேடிக்கை போல.

"வேண்டாம். தரையில விழுந்தா விழுது. தொடச்சிக்கிடலாம்."

அவர் வாயைத் திறந்தார். மனைவியின் கண் தம் கண்ணில் இல்லை, முகவாயில் இருக்கிறது என்று கண்டார். "பால்காரர் வந்தாச்சா?" என்று கேட்டார்.

"வந்தாச்சு," என்று அமலோற்பவம் திரும்பி அச்சுகளைப் பிரிக்க உட்கார்ந்தார்.

அதன் பிறகு பேராசிரியர் வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். தண்ணீர் வருகிறதா, கதவு சாத்தியாயிற்றா என்பன போன்ற, மெழுகுக்கு இடம் கொடாத சொற்களே அவர் வாயிலிருந்து வந்தன. குளியலறைக் கண்ணாடியின் முன் தனியே நின்று ஒத்திகை பார்த்தார். "என் உயிரினும் இனியவள்" என்றார்; ஒழுகிற்று. "என் இல்லத்தின் விளக்கு" என்றார், ஒழுகிற்று. "நல்லவள்" என்று ஒரே சொல்லாகச் சுருக்கிப் பார்த்தார்; ஒரு சொட்டு யோசித்து யோசித்து விழுந்தது. அன்பு இல்லையோ என்று அவருக்கு நடுக்கம் கண்டது. ஆனால் அமலோற்பவம் அண்டை வீட்டுக்குப் போயிருக்கும் பொழுதுகளில்கூடத் தாம் எந்த அறையிலும் நிலைகொள்ளாமல் வாசலுக்கும் கொல்லைக்கும் அலைவதை அவர் அறிவார். மேடை மேடையாக எடுத்துச் சென்று தேய்ந்த அந்தச் சொற்கள்தாம் பொய்யா, அவற்றைச் சொல்லுகிற தாமே பொய்யா என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை. பிறருக்கு வழிகாட்டியே பழகியவர் தம் வீட்டுக் கொல்லையில் வழி தெரியாமல் நின்றார் என்று இதை ஒரு வரியில் சொல்லலாம். அவரே அப்படித்தான் சொல்லியிருப்பார், அழகாக, முகவாயைத் துடைத்துக்கொண்டு.

இந்த நிலையில்தான் ஊர் கூடி அவருக்கு ஒரு பட்டம் கொடுக்க முடிவு செய்தது. மெழுகைத் தாழையூருக்குக் கொண்டுவந்தவர் அவர் அல்லவா! 'சின்சியர் செம்மல்' என்பது பட்டம்.

"எதுகை மோனையெல்லாம் சரியா இருக்கா சார்?" என்று கேட்டுக்கொண்டு அழைப்பிதழோடு வந்தார் பால்துரை. அவர் பேராசிரியரிடம் படித்து ஆங்கிலத்தில் தேறாமல் போனவர். அதனாலேயே ஆசிரியர்மேல் மிகுந்த மதிப்பு வைத்திருந்தார். "கண்ட ஊர்ல இருந்தெல்லாம் ஆள் வருது. விருந்துக்கு ஆட்டுக்கறி சொல்லியாச்சு. மதினியும் மேடையில உக்காரணும், பாத்துக்கிடுங்க."

"எனக்கென்னத்துக்கு அண்ணாச்சி மேட," என்றார் அமலோற்பவம்.

"மதினி இல்லாம சாருக்கு ஏது பட்டம்!" என்ற பால்துரைக்கு ஒரு சொட்டு வடிந்தது; அவர் அதை மரியாதையாகச் சுரண்டி அமலோற்பவத்தின் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் அமலோற்பவம் சொன்னார்: "விழா முடியட்டும். ஊர் பாக்க உங்க பக்கத்துல உக்காந்திருதேன். அப்புறம் நான் தங்கச்சி வீட்டுல போய் இருக்கப் போறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியல."

பேராசிரியர் அவர் முகவாயைப் பார்த்தார். அது உலர்ந்திருந்தது.

"நான் கோவத்துல சொல்லல," என்றார் அமலோற்பவம். "கேட்டேன், நீங்க சொல்லல. சொல்லாம இருக்கதும் ஒரு பதில்தான. ஊருக்கெல்லாம் சின்சியரா இருன்னு சொன்ன மனுசன், பொண்டாட்டிகிட்ட பால்காரரக் கேக்காரு. இதுக்கு மேல நான் என்னத்தக் கேக்க?" முகவாய் அப்போதும் உலர்ந்தே இருந்தது.

அன்று பேராசிரியர் ஒரு முடிவுக்கு வந்தார். மெழுகு வந்தது தம் பொய்க்கதையால். ஆகவே பொய்க்கதையைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் மெழுகும் திரும்பிப் போய்விடும். போய்விட்டால், உயிரினும் இனியவள் என்று தாராளமாகச் சொல்லலாம். சொல்லின் கீழே எவரும் குனிந்து பார்க்க மாட்டார்கள். அமலோற்பவமும் போகமாட்டார். மெழுகு நின்றுவிட்டால் பின்கட்டின் அண்டா என்ன ஆகும், அங்கே எழும் சிரிப்பு என்ன ஆகும் என்ற நினைவு குறுக்கே வந்தது. அதை அவர் வேகமாகத் தாண்டிப் போனார். வாய்மையின் வெற்றி என்று இந்தத் திட்டத்துக்குத் தமக்குள் பெயரிட்டுக்கொண்டார். கோழைத்தனத்துக்கு நல்ல தமிழில் பெயர் வைப்பதில் அவருக்கு நிகர் அவரே.

விழா நாளும் வந்தது. மைதானம் கொள்ளாத கூட்டம். மேடையில் வரிசையாகத் தட்டுகள். அமலோற்பவம் நீலப் பட்டுடுத்திக் கணவருக்கு அருகே நேராக அமர்ந்திருந்தார். அவருடைய துணிப்பை ஏற்கெனவே கட்டி வீட்டு வாசலில் வைக்கப்பட்டிருந்தது. பேராசிரியர் அதைத் தாண்டித்தான் விழாவுக்கு வந்திருந்தார். பேசியவர்கள் எல்லாரும் அவரைக் கடல் என்றார்கள், மலை என்றார்கள், கலங்கரை விளக்கம் என்றார்கள். தட்டுகள் நிரம்பி மாற்றப்பட்டன. பட்டம் பொறித்த கேடயத்தை வாங்கிக்கொண்டு ஞானசிகாமணி ஒலிபெருக்கியின் முன் நின்றார்.

"பெரியோர்களே, இத்தனை காலமாக உங்களுக்கு நான் ஒரு சொல்லின் பிறப்பைச் சொல்லிவந்தேன். உண்மையின்மேல் கொண்ட பற்று ஒன்றினாலேயே இன்று சொல்கிறேன், அந்த மெழுகுக் கதை பொய்!"

சொல்லி முடிப்பதற்குள் மெழுகு கொட்டிற்று. வாழ்நாளில் எந்த மேடையிலும் அவருக்கு அப்படி ஒழுகியதில்லை; தட்டு நிரம்பி, கேடயத்தின்மேல் வழிந்து, பட்டத்தின் எழுத்துகளை மூடி, மேடையின் விளிம்பைத் தொட்டது.

முன்வரிசை எழுந்து எட்டிப் பார்த்தது. பிறகு, "ஒழுகுது பாருலே!" என்று ஒருவர் கத்தினார். "பொய்யின்னு சொன்னதுக்குல்லா ஒழுகுது! அப்ப அதுதான் பொய்!"

"கத நெசம்!" என்றது கூட்டம். "சிற்பி நெசம், மூக்கு நெசம்!"

பால்துரை ஒலிபெருக்கியைப் பாதி பறித்து, "சார் தன்னடக்கத்துல சொல்லுதாரு! நாம ஏமாந்துருவமா?" என்று முழங்கினார். கைதட்டல் எழுந்தது, அது அடங்கவில்லை. அகராதிகள் அறிந்த உண்மை தாழையூரில் அன்றோடு தோற்றது. அதை முதன்முறையாக எடுத்துச் சொன்னவரே அதன் தோல்விக்குச் சான்றும் ஆனார். சொற்கள் எங்கே பிறந்தன என்பதைப் பற்றி ஊர்கள் கவலைப்படுவதில்லை; அவை தமக்கு எப்படி வசதியாய் இருக்கின்றன என்பதையே பார்க்கின்றன.

கைதட்டலின் நடுவே அமலோற்பவம் எழுந்து வந்து கணவரின் அருகே நின்றார்.

"நெசமாவே அந்தக் கத பொய்யா?"

"பொய்தான்," என்றார் பேராசிரியர். புதிதாக ஒன்றும் விழவில்லை.

"பின்ன எதுக்கு இப்படி ஒழுகிச்சு?"

"உண்மையின் மேல பற்றுன்னு சொன்னேன்லா. அதுக்கு." மேடைத் தமிழ் அவரை விட்டுப் போயிருந்தது. "பற்றும் இல்ல, ஒண்ணும் இல்ல. மெழுகு நின்னுட்டா நல்லதுன்னு வந்தேன்."

"அது எதுக்கு நிக்கணும்?"

"நீ ஒண்ணு கேட்டல்லா. அதச் சொல்லும்போது ஒழுகிருமோன்னு பயம். கண்ணாடி முன்னால சொல்லிப் பாத்தேன், ஒழுகிச்சு. ஒழுகினா நீ போயிருவ. ஒழுகலன்னா இருப்ப. அதான் மெழுகே வேண்டாம்னு... உன் அண்டாவையும் நினைச்சேன். நினைச்சும்தான் வந்தேன்." அவர் வழக்கம்போல ஓர் உவமைக்காகக் கையை உயர்த்தினார், உவமை எதுவும் வரவில்லை, கை அந்தரத்தில் நின்று, இறங்கிற்று. "நீ போயிட்டா எனக்கு என்ன செய்யன்னு தெரியாது, அமலா. சோத்தப் பத்திச் சொல்லல. எங்க உக்காரணும்னே தெரியாது."

அமலோற்பவம் அவர் முகவாயைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். முன்பு வழிந்து உறைந்த மெழுகை நகத்தால் நெம்பினார். அது ஒரே ஓடாகப் பெயர்ந்து வந்தது. அடியில் தோல் இருந்தது, நரைத்த மயிர் இரண்டு சவரத்துக்குத் தப்பி நின்றிருந்தது, ஈரம் இல்லை. விரலால் ஒருமுறை தடவி உறுதிசெய்துகொண்டார்.

"உயிரினும் இனியவள்னு சொல்லவா?" என்றார் பேராசிரியர், தாழ்ந்த குரலில்.

"வேண்டாம். அது மேடைக்குள்ளது. அங்கயே இருக்கட்டும்."

அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது, மைதானத்தில் கைதட்டல் எப்போதோ நின்றுவிட்டதும், ஒலிபெருக்கி அணைக்கப்படாமல் இருந்ததும். பயத்தையும், அண்டாவையும், எங்கே உட்காருவதென்று தெரியாததையும் ஊர் முழுதும் கேட்டிருந்தது. கேட்டுவிட்டு, பேராசிரியரின் கூட்டங்களில் இருந்து பழகிய மக்கள் ஆதலால், அடுத்து வரவேண்டிய 'ஆகவே அன்பர்களே' என்ற சொல்லுக்காக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அவருடைய தட்டை எட்டிப் பார்த்து, அதில் கடைசிப் பேச்சுக்கு ஒரு துளியும் சேரவில்லை என்று கண்ட பால்துரை, அது அவமரியாதையா அல்லவா என்று தீர்மானிக்க முடியாமல் நெளிந்தார்.

"சார்," என்றார் மெதுவாக, "இதுக்கு நீதி என்னன்னு சொல்லலியே."

ஞானசிகாமணி யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார்.

"தெரியல, பால்துரை," என்றார்.

அமலோற்பவம் குனிந்து ஒலிபெருக்கியில் வாயை வைத்தார். "அவ்வளவுதான்," என்றார். "எல்லாரும் எந்திரிங்க. அண்ணாச்சி, பந்தி போடச் சொல்லுங்க." பிறகு, அதே ஒலிபெருக்கியில், மைதானம் கேட்க, கணவரைப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்குக் காலைல தங்கச்சி வீட்டுக்கு பஸ். உங்களுக்கும் ரெண்டு வேட்டி எடுத்து வச்சிக்கிடுங்க. கஞ்சி போட்டது வேண்டாம்."